தலைவனும் சேர்ந்து சிரித்த இடம்

டியூஷன் வாத்திமாரே, பாடத்தை முடிப்பது எங்களுக்குப் பெரிய வேலையில்லை. பாடம் புத்தகத்துக்குள்ளேயே நிற்க மாட்டேன் என்கிறதே, அதுதான் எங்கள் தலைவலி.

ஒழுங்கையை எட்டிப் பார்த்தவள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நல்லூரில் ஒரு டியூட்டரியின் ஓலைக் கொட்டிலில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்தேன். ஊர் ஓர் இயக்கத்தின் கையில் இருந்தது. கரண்ட் இல்லை, பேப்பர் இல்லை, ஆனால் சோதனை மட்டும் இருந்தது. பாடத்துக்கு ஒரு நாவல். பெரியவர்கள் இல்லாத தீவில் அகப்பட்ட சிறுவர்கள் தங்களுக்குள் ஒரு தலைவனைத் தெரிந்தெடுக்கிறார்கள். பிறகு பலமுள்ளவன் பக்கம் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். கடைசியில் கொலை வரைக்கும் போகிறார்கள்.

"தலைவன் பிழை விட்டால் என்ன செய்வீர்கள்?" என்று முதல் நாள் சும்மாதான் கேட்டேன். எல்லாரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். சுமதி மட்டும் எழும்பி, வெளியே ஒழுங்கையில் ஆராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள்: "சேர், உதுக்கு விடை எழுதலாம். சத்தம்போட்டுச் சொல்லேலாது."

ஒருவன் மட்டும் இருந்த வாங்கு

வகுப்பில் கெட்டிக்காரன் கொக்குவில் குகன். அவனுடைய தமையன் முன்பு, தடை செய்யப்பட்ட வேறோர் இயக்கத்தில் இருந்தவன். அவன் திரும்பி வந்து ஊரில் ஒளிந்திருக்கிறான் என்று ஒரு கதை கிளம்பியது. அடுத்த வகுப்பில், நாலு பேர் இருக்கும் வாங்கில் குகன் மட்டும் இருந்தான். மற்றவர்கள் பக்கத்து வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

நிமலனும் குகனும் ஒரே சைக்கிளில் வந்து போகிறவர்கள். வகுப்பு முடிந்ததும் நிமலனைப் பிடித்துக் கேட்டேன். அவன் கண் கலங்கிவிட்டது. "அவனோடை எனக்கு ஒரு கோவமும் இல்லை சேர். பக்கத்திலை இருந்தா என்னையும் கொண்டுபோய்க் கேப்பினம்."

எங்கே தொடங்கியது?

அந்தச் சிறுவர்கள் கெட்டுப்போகத் தொடங்கிய இடம் எது என்று ஒருநாள் கேட்டேன். முதல் அடி விழுந்த இடம் என்றான் ஒருவன். சாப்பாட்டுக்காகக் கட்சி மாறிய இடம் என்றாள் இன்னொருத்தி.

நாள்கணக்காகப் பேசாமல் இருந்த குகன் தலை நிமிராமலே சொன்னான்: "அதுக்கு முதலே சேர். ஒருத்தனைப் பாத்து எல்லாரும் சிரிக்கேக்கை, தலைவனும் சேந்து சிரிச்சான் பாருங்கோ, அந்த இடம்."

பழைய மாணவன்

ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே துவக்கோடு இயக்கத்துக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். "குகன் ஆர்?" ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நிமலனுடைய கண் அந்த வாங்குப் பக்கம் திரும்பியது. அவர்களுக்கு அது போதும். "அவனுக்கு ஒண்டும் தெரியாது!" என்று கத்தினாள் சுமதி. குகன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழும்பினான்.

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். வந்தவர்களில் ஒருவன் அதே கொட்டிலில் என்னிடம் படித்தவன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீங்கள் படிப்பிச்சதெல்லாம் ஞாபகமிருக்கு சேர். இப்ப வழியை விடுங்கோ."

தாயின் கேள்வி

குகனின் தாயோடு இயக்கத்தின் காம்ப் காம்ப்பாக அலைந்தேன். "விசாரிச்சுப்போட்டு விடுவம்" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். பல கிழமைக்குப் பிறகு விட்டார்கள். வீட்டுக்குப் போனேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்; திரும்பவில்லை. 

வாசல் படலை வரைக்கும் கூட வந்த தாய் கேட்டார்: "இருக்கச் சொன்னா இருக்கிறான், சாப்பிடச் சொன்னாச் சாப்பிடுறான். பிடிச்சுக்கொண்டு போக முதல், உங்கடை வகுப்பிலையாவது கதைச்சவனோ சேர்?"

அந்த வருடம் குகன் சோதனை எழுதவில்லை; எழுதிய எல்லாரும் ஆங்கில இலக்கியத்தில் திறமைச் சித்தியோடு பாஸ் பண்ணினார்கள் என்று எங்கள் டியூட்டரி வாசலில் பெரிய எழுத்தில் பலகை வைத்தார்கள்.