ட்சுரு ட்சுரு

எண்பதுகளில், ஜெர்மன் பேசும் கூர் நகர ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவினேன். அங்கே சமைத்த ஜப்பானியரை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஒல்லியான நெடிய மனிதர், தோளில் எப்போதும் ஒரு துவாய். ஜெர்மன் அறவே தெரியாது, படிக்கவும் மாட்டார். எல்லாவற்றுக்கும் ஓர் இரட்டைச் சத்தம்தான். பொரியல் மொறுமொறுத்தால் ‘காரி காரி’. சோறு ஒட்டினால் ‘பெத்த பெத்த’. நான் ஆறுதலாக, மெல்ல நடந்தால் ‘நோரோ நோரோ’.

“மனிசர் மாதிரிக் கதையுங்கோவன்!” என்று தமிழிலேயே கத்துவேன். சிரிப்பார்.

ஒருநாள் “ட்சுரு ட்சுரு!” என்று அலறினார். தொடங்கிவிட்டார் என்று திரும்பிப் பாராமல் நடந்தேன். தரையெல்லாம் எண்ணெய். வழுக்கி விழுந்து கை முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கும் அவரேதான் கூட்டிப்போனார். வலி அதிகமா, குறைவா என்று டொக்டர் ஜெர்மனில் கேட்டார். இரண்டுமில்லை, அது வேறு மாதிரி நோ. ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “விண் விண் எண்டு நோகுது” என்றேன். டொக்டர் விழித்தார்.

ஜப்பானியர் தன் கையைப் பொத்திப்பிடித்து, என் கை தெறிக்கும் அதே தாளத்தில் மேசையில் குத்தினார். “ஸுகி ஸுகி?”

“ஓம், அதுதான்!” என்று அவர்மேலேயே எரிந்து விழுந்தேன்.

அந்த நாட்டில் என் நோவை விளங்கிக்கொண்ட முதல் ஆள் இவராகவா இருக்கவேண்டும்?