பெட்டிகள் நான்கும் பத்திரம்

மனைவியைப் படகிலேயே விட்டுவிட்டு இறங்கியவன் நான்.

பன்னிரண்டு நாளில் ஐந்து நாடுகள் சுற்றினோம். பகலில் தூங்கினால் நேர மாற்றத்தால் வரும் பயண அசதி போகாது என்று எங்கோ படித்திருந்ததால், போன இடமெல்லாம் அவளைத் தட்டித் தட்டி எழுப்பினேன். ஊர் திரும்பியதும், வீடுவரை காரில் போனால் தூங்கிவிடுவாள் என்று எறணாகுளத்திலேயே இறங்கி மட்டாஞ்சேரிக்குப் படகு பிடித்தேன்.

மட்டாஞ்சேரியில் இறங்கி வழக்கம்போல் பெட்டிகளை எண்ணினேன். நான்கும் இருந்தன. படகு நகர்ந்த பிறகுதான் அவள் இல்லாதது உறைத்தது.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை மட்டும் போட்டாள், சாப்பிடவில்லை. அவள் ஃபோன் என் பையில். அசையாமல் இருந்தாளே, அது தூக்கமா, மயக்கமா?

படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவரிடம் ஓடினேன். "நாலு பெட்டியைக் கரெக்டா இறக்கிட்டு, சேச்சியை விட்டுட்டீங்களே, சேட்டா!" என்றபடி படகுக்கு ஃபோன் போட்டார்.

"எழுந்தாளான்னு கேளுங்க!"

அவர் ஃபோனைக் காதில் வைத்தபடி கையமர்த்தினார். நான்கு பெட்டிகளின் கீறல்களும் எனக்கு மனப்பாடம். அவள் கடைசியாக என்ன பேசினாள் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"எழுந்தாச்சு. பக்கத்துல இருந்த அம்மா பழம் கொடுத்திருக்காங்க."

ஒரு மணி நேரம் கழித்து அதே படகில் திரும்பி வந்தாள். அவளிடம் ஓடினேன். "என்னை மன்னிச்சுடு."

"எதுக்கு? பழத்தைத் தின்னுட்டு பின்னையும் ஒறங்கினேன். பன்னண்டு நாள்ல இன்னிக்குத்தான் யாரும் எழுப்பலை."