நான்காம் இடத்துச் சேறு

தாட்சாயிணிக்குக் கடல் என்றால் ஒரு வெள்ளைத் தட்டு, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாகக் கழிமுகத்துச் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். ஆனால் வடக்கே அந்த ஆறு கடலில் விழுகிற இடத்தை அவள் நேரில் பார்த்தது மூன்றே தடவை. அதிலும் ஒன்று ஆபீஸ் பிக்னிக். கொரட்டூரில் ரயிலேறினால் அடுத்த ஸ்டேஷன் பட்டரவாக்கம். அங்கிருந்து நடந்தால் அம்பத்தூர் எஸ்டேட். தகர டப்பா செய்கிற கம்பெனிக்கு மேல்மாடியில்தான் அவளுடைய பரிசோதனைக்கூடம். கீழே நாள் முழுக்க மடார் மடார் என்று தகரம் வெட்டுவார்கள். மேலே இவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி, இடுக்கியால் சேற்றிலிருந்து புழு பொறுக்குவாள்.

இதுவும் ஒரு வேலையா என்று கேட்காத ஆள் அவள் தெருவில் கிடையாது. கட்டின புருஷனே கேட்டான். பாடியில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிற குணசேகரன், ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்து, "கத்திரிக்கால புழு வந்தா மட்டும் கடக்காரன அந்தத் திட்டு திட்றியே, உன் பொழப்பே அதுதான?" என்று கிண்டலடிப்பான். அவள் பதிலுக்குக் கரண்டியைக் காட்டுவாள். ஏரிக்குக் கீழே இருந்த அவள் அப்பாவின் நிலம் பிளாட்டாகிப் போனபோது அவளுக்கு ஏழு வயது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமெல்லாம் இல்லை. வெயிலில் குனிந்து களை எடுத்துச் சாவதற்கு, ஃபேனுக்குக் கீழே குனிந்து புழு எடுப்பது எவ்வளவோ மேல் என்பாள்.

வேலை இதுதான். கழிமுகத்தில் ஐந்து இடங்கள். மாதம் ஒருமுறை அப்பாவு என்கிற மீனவர் தன் ஃபைபர் போட்டில் போய், வாய் திறந்து மூடுகிற இரும்புப் பெட்டியை இறக்கி அடிச்சேற்றை அள்ளுவார். அரை மில்லிமீட்டர் சல்லடையில் அதை அலசி, மிஞ்சினதைப் பாட்டிலில் போட்டு, கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றி எடுத்துவருவார். இங்கே அதில் ரோஸ் சாயம் கலப்பார்கள். அள்ளினபோது உயிரோடு இருந்தது எதுவோ அது ரோஸாக மாறிவிடும். மணலும் சருகும் அப்படியே இருக்கும். வெள்ளைத் தட்டில் ஊற்றி, ரோஸாக இருப்பதைப் பொறுக்கி, இனம் பிரித்து, எண்ணி எழுத வேண்டும். எண்ணினதைப் பென்சில் சீட்டோடு குப்பியில் போட்டு அலமாரியில் வைப்பார்கள். அடியில் புழு இருந்தால் அதைத் தின்ன இறால் வரும், நண்டு வரும், பின்னாலேயே மீன் வரும். புழு இல்லையென்றால் மேலே தண்ணீர் எவ்வளவு பளபளத்தாலும் வலை போடுகிறவனுக்கு வேலை இல்லை.

அப்பாவுவின் ஜனங்கள் காலங்காலமாக இறால் பிடித்த வளைவுதான் நான்காம் இடம். தாட்சாயிணி வேலைக்குச் சேர்ந்த வருஷம் அங்கிருந்து வந்த ஒரே பாட்டிலில் இருநூறுக்கு மேல் எண்ணினாள், கழுத்து பிடித்துக்கொண்டது. அப்புறம் நூறு, அப்புறம் முப்பது. போன வருஷம் ஒன்பது, மூன்று. அதற்கப்புறம் ஒன்பது மாதமாக ஒன்றுமே இல்லை.

பூஜ்யம் எழுதுவதில் ஒரு தொல்லை உண்டு. நூறு என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பூஜ்யம் என்றால், பொறுக்கினவள் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். அதனால் பூஜ்யம் வந்த தட்டை மூன்று தடவை முதலிலிருந்து கிளற வேண்டும் என்பது சட்டம். ஒரு சின்ன வட்டத்தைப் போட மூன்று நாள்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் ஒவ்வொரு மாதமும் கிளறினாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. கணக்கெடுப்பு யார் செய்யச் சொன்னார்களோ அவர்களுக்குத்தான் முடிவு போகும். சேற்றை அள்ளித் தருகிற அப்பாவுவுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். நல்ல நியாயம்! தாட்சாயிணி இந்தச் சட்டத்தை மட்டும் இருபத்திரண்டு வருஷமாக மீறிக்கொண்டிருந்தாள்.

ஜூலை மாதம் பாட்டில்களை மேஜைமேல் வைத்துவிட்டு அப்பாவு வழக்கம்போலக் கேட்டார்.

"இன்னாம்மா, போன மாசம் நம்ப எடத்துல எதுனா கீதா?"

"இல்லண்ணே."

"நல்லா பாத்தியா?"

"மூணு தபா பாத்துட்டேண்ணே."

அவர் போகாமல் நின்றார். அறுபது வயது இருக்கும். வெயிலில் கறுத்த கையைத் துண்டில் துடைத்தபடியே இருந்தார். "ஆவடி ரோட்டுல ஒரு குடோன்ல வாட்ச்மேன் வேல கீதாம். வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள வரன்னோ இல்லன்னோ சொல்லணும். போட்ட வாங்க ஒருத்தன் நடையா நடக்கறான். வலையும் சும்மாதான் கீது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தப் பாட்டில்ல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் எனக்குச் சொல்லு தங்கச்சி. நான் போவ மாட்டேன். ஒண்ணு கீதுன்னா நாலு வரும்."

போயிருண்ணே என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். "பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்றாள்.

மறுநாள் கிருஷ்ணப்பிரியா அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தென்காசிக்காரி, புழுக்களைப் பற்றியே படித்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே மேலதிகாரியாக வந்தவள். நல்ல பெண்தான்.

"அக்கா, கண்ணைக் கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"எதுக்குக் கேக்கற?"

"தப்பா எடுத்துக்காதீங்க. தொடர்ந்து ஒன்பது மாசம் பூஜ்யமான்னு மேல இருந்து மெயில் வந்திருக்கு. பொறுக்கறவங்களுக்கு வயசாயிடுச்சோன்னு எழுதியிருக்காங்க."

தாட்சாயிணிக்குச் சுர்ரென்று வந்தது. ஐம்பத்தொரு வயசு ஒரு வயசா? உப்பில் கிடக்கிற சர்க்கரையைத் தனியாகப் பொறுக்கித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மனசு வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. ஒருவேளை கண் போய்த்தான் இருந்தால்? இந்த ஒன்பது மாதமும் புழுக்கள் தட்டில் இருந்து, இவள்தான் பார்க்காமல் விட்டிருந்தால்? அப்படியென்றால் ஆறு சாகவில்லை. அப்பாவு எங்கேயும் போக வேண்டாம். கடவுளே, என் கண்ணே போயிருக்கட்டும் என்று அவள் மனசார வேண்டிக்கொண்டாள். வேலை போனால் போகட்டும். குணசேகரன் சம்பாதிக்கிறான், கூழோ கஞ்சியோ குடித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் நான்காம் இடத்துச் சேறு தட்டில் தயாராக இருந்தது. எப்போதும் அவள்தான் பாட்டிலைத் திறந்து ஊற்றுவாள். அன்று கிருஷ்ணப்பிரியா முந்திக்கொண்டு வந்து ஊற்றி வைத்திருந்தாள். வேலை மிச்சம் என்று தாட்சாயிணி உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. சருகு ஒன்றை நகர்த்தினாள். அடியில் ரோஸாக ஒரு நூல்.

நூலா? இடுக்கியால் தொட்டாள். நூலில்லை. பக்கவாட்டில் வரிசையாக மயிர் மயிராய்க் கால்கள். புழு!

அதைக் குப்பியில் விட்டுவிட்டு மறுபடி குனிந்தாள். இரண்டு. ஐந்து. மதியச் சாப்பாட்டை மறந்தாள். நிறம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. புதுச் சேற்றுப் புழு சாயத்தைக் குடித்துப் பளிச்சென்று இருக்கும். சாயம் பழசாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சிலவற்றுக்கு வால் ஒடிந்திருந்தது. சல்லடையில் ஒடிந்திருக்கும். இருபத்திரண்டு வருஷம் பழகின கண் இரண்டையும் பார்த்தது, இரண்டுக்கும் அவளே சமாதானம் சொன்னாள். மூன்று மணிக்கு இருபது ஆயிற்று. அதற்கு மேல் இல்லை.

கிருஷ்ணப்பிரியா மீட்டிங்குக்காகத் தலைமை ஆபீஸ் போயிருந்தாள். தாளில் அவள் கையெழுத்துப் போடும்வரை எண்ணிக்கை முடிவாகாது, அதுவரை தாட்சாயிணி அப்பாவுவிடம்கூட வாயைத் திறப்பதில்லை. கிருஷ்ணப்பிரியா வர நாளைக்காகும். அப்பாவுவுக்கு இன்று சாயங்காலம்தான் கெடு. தாட்சாயிணி மாடிப்படியில் இறங்கி நின்று போன் போட்டாள்.

"அண்ணே, இருபதுண்ணே! நாலாம் எடத்துல இருபது!"

"இன்னா சொல்ற!" அந்தப் பக்கம் அவர் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. "மெய்யாலுமா? எனக்குத் தெரியும்மா. அது எங்க பூடும்! அந்த வாட்ச்மேன் தொப்பிய அவனே மாட்டிக்கட்டும். தோ, இப்பவே சொல்லிட்றேன்."

சனிக்கிழமை அவள் அரை கிலோ மைசூர்பாகோடு வந்தாள். கிருஷ்ணப்பிரியா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அக்கா, எத்தனை?"

"இருபது!"

"இருபதுமா!" அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்க்கா, ஒண்ணுகூட விடமாட்டீங்கன்னு. நான்தான் போட்டேன். உங்க கண்ணைச் சோதிக்கணும்னு மேல சொன்னாங்க, முன்னாடியே சொல்லிட்டா அது சோதனையே இல்லன்னுட்டாங்க. நூத்துக்கு நூறுன்னு இப்பவே மெயில் போடறேன். உங்களை இனிமே எவன் கேள்வி கேட்கறான்னு பாக்கறேன்!"

தாட்சாயிணி மைசூர்பாகு டப்பாவைப் பிடித்தபடி நின்றாள்.

"நீ போட்ட இருபது போக, வேற?"

"வேற ஒண்ணும் இல்லையேக்கா. நீங்க முடிச்சதுதானே? தட்டுல அவ்வளவுதான்."

"எங்கேருந்து எடுத்துப் போட்ட?"

"அலமாரியில பழைய குப்பி. அதே நாலாம் இடம்தான். உங்க கையெழுத்துலதான் பென்சில் சீட்டு இருந்துச்சு, ரெண்டாயிரத்து ஆறுன்னு."

படிக்கட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே தகரம் வெட்டுகிற சத்தத்தில் காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு அப்பாவுவிடம் போனில் பேசினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. என் தப்புண்ணே, கையெழுத்து ஆவறதுக்கு முன்னாடி வாயத் தொறந்துட்டேண்ணே, குடோனுக்கு இப்பவே ஓடுண்ணே என்று கெஞ்சினாள்.

"நேத்தே வேற ஆளப் போட்டுட்டாங்கம்மா" என்றார் அப்பாவு. "அந்த இருபது எந்த எடத்து மண்ணு?"

"நீ அள்ளியாந்ததுதாண்ணே. பத்தொம்போது வருசத்துக்கு முன்னாடி."

"நம்ப எடத்துதா?"

"ஆமாண்ணே."

"அப்ப நீ பொய் சொல்லல. அழுவாத." அவர் இருமினார். "போட்டும் இருக்கட்டும் வுடு, நல்லதுதான். மாசா மாசம் உனுக்கு அந்தச் சேத்த அள்ளிகினு வர்றதுக்குப் போட்டு வோணும்ல?"

மாதத்துக்கு அந்த ஒரு நாள்தான் இனிமேல் அந்தப் போட்டுக்கு வேலை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தாட்சாயிணி படியில் உட்கார்ந்து, போனைக் காதை விட்டு எடுக்காமலேயே அழுதாள்.