நாளைக்கு அக்காவின் புது ப்ராசஸர்

இன்னும் கட்டாத வீட்டைப் போட்டோ மாதிரி காட்டுவதுதான் அக்காவின் தொழில். கட்டுமான ஆபீஸிலிருந்து கோடு கோடாக ஒரு வரைபடம் வரும். அக்கா அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் சுவராக எழுப்பி, ஜன்னல் வைத்து, சோபா போட்டு, சோபாமேல் சாயங்கால வெயிலையும் விழ வைத்துவிடுவாள். பார்க்கிறவன் உடனே மூட்டை முடிச்சோடு குடிபோகத் துடிப்பான். நேரில் போனால் அங்கே புல்லும் கல்லும்தான் கிடக்கும்.

வெயில் எங்கே விழும், நிழல் எங்கே படுக்கும் என்பதைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுப் படமாக்க வேண்டும். அதற்குப் பெயர் ரெண்டர். அக்காவின் கம்ப்யூட்டரோ அரதப் பழசு. ரெண்டர் பட்டனைத் தட்டினால் உள்ளே இருக்கும் விசிறி பேய் மாதிரி அலறும், மவுஸ் செத்துப்போகும், படம் மேலிருந்து கீழே சொட்டுச் சொட்டாக இறங்கும். "படம் ரெடியா?" என்று யார் கேட்டாலும் அக்காவிடம் ஒரே பதில்: "நாளைக்கு." ஆபீஸில் அவளுக்கு 'நாளைக்கு அக்கா' என்றே பெயர். அதற்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை. அந்த ஆபீஸில் மற்றவர்களுக்கு இருக்கும் பட்டப்பெயரில் பாதி அவள் வைத்ததுதான்.

அக்கா தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். மெஷின் வேலை செய்யும்போது மனுஷி வேலை செய்யக் கூடாது. பட்டனைத் தட்டியதும் நாற்காலியைத் திருப்பிக்கொள்வாள். திரும்பினால் எதிரே கட்டிலில் மாமா, அவள் புருஷன்.

மாமா லாரி ஓட்டியவர். வாய் ஓயாமல் பேசுவார். பேச ஆள் இல்லாவிட்டால் லாரியோடு பேசுவார். ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதே வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வார்த்தை: "போடா." வசவு மட்டும் மூளையில் தனி வீடு எடுத்துக் குடியிருக்கும், லேசில் காலி பண்ணாது என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்னார். பசிக்கிறதா என்றால் போடா. பெரிய டாக்டர் வணக்கம் சொன்னாலும் போடா. கட்டின பெண்டாட்டிக்கும் போடாதான்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பேச வைக்க வேண்டும். விட்டுவிட்டால் வந்த வார்த்தையும் கோபித்துக்கொண்டு போய்விடும்.

அதனால் ரெண்டர் நேரமெல்லாம் பாட நேரம் ஆனது.

"இது என்ன? சொல்லுங்க."

"ட... ட..."

"வருது, வருது."

"போடா."

"டம்ளர் உங்கள என்ன பண்ணுச்சு? அத ஏன் திட்டுறீங்க?"

மாமா பாதி வாயால் சிரிப்பார். இப்படித்தான் 'தண்ணி' வந்தது, 'கதவு' வந்தது. 'வலி' வந்த அன்று அக்கா சமையலறைக்குப் போய்க் கண் சிவக்கத் திரும்பி வந்தாள். வெங்காயம் என்றாள். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் கட்டுமான ஆபீஸ் மேனேஜர் போன் செய்தான்.

"அக்கா, கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசஸர் வந்திருக்கு. போட்டா சும்மா பறக்குமாம். மாத்திருங்க. இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

அக்காவின் தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். அக்கா விசாரிக்கப் போனாள்.

"ப்ராசஸர மட்டும் மாத்த முடியாதுக்கா. உன் பழைய போர்டுல அது உக்காராது. போர்டு மாத்தணும். போர்டு மாறினா மெமரியும் மாறணும். அப்புறம் கூலர்..."

"செருப்பு வாங்க வந்தவள காலையும் மாத்துன்னு சொல்றியே!"

"வேகம் காட்டுற சார்ட்டப் பாரு. கோடு எவ்வளவு உசரம் இருக்கு!"

"அவன் கேம் ஆடிப் பார்த்து சார்ட் போட்டிருப்பான். நான் என்ன கேமா ஆடுறேன்? என் ஃபைலப் போட்டு ஓட்டு."

பென் டிரைவில் கொண்டுபோன ஃபைலைத் தம்பி கடை மெஷினில் ஓட்டினான். அக்கா டீயை ஊதிக்கொண்டிருந்தாள். டீ ஆறுவதற்குள் படம் முழுசாக வந்து நின்றது. தம்பி, பிள்ளை பெற்றவன் மாதிரி பூரித்தான். அக்காவின் முகம் மட்டும் விழுந்துவிட்டது.

"என்னக்கா, பிடிக்கலையா?"

"இந்த நேரத்துல உங்க மாமா ஒரு வார்த்தைகூட முடிக்க மாட்டாருடா."

 தம்பி பென் டிரைவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "அப்ப வேணாம்க்கா," என்றான். அந்தக் கடையில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வேண்டாம் என்றே முடிவு செய்தாள். வேறு ஆள் வந்தால் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய மெஷினிலேயே உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் ரெண்டர் ஓடியது. பாடம் 'ஜன்னல்'. மாமா "ஜ... ஜ..." என்று தொடங்கினார். விசிறிச் சத்தம் கொஞ்சம் மாறியது. அக்கா திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் இருங்க." மாமா மறுபடி தொடங்கினார். அவள் மறுபடி திரும்பினாள். "இருங்க, இருங்க, நின்னுடுச்சான்னு பாக்குறேன்."

மாமா எழுந்தார். காலை இழுத்து இழுத்துச் சுவரோரம் போனார். இடது கையால் சுவிட்சைத் தட்டி அணைத்தார்.

ஸ்கிரீன் கறுப்பானது.

"அடப்பாவி மனுஷா! பாதிப் படம்!"

மாமா திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். டம்ளரை எடுத்து டீச்சர் மாதிரி அவள் முகத்துக்கு நேரே நீட்டி, 'சொல்லு' என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். விசிறி நின்ற அறையில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அக்கா திட்டத்தான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது.

அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது பாதிக் காதும் கால் கண்ணும்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மெஷின் ஓடினால்தான் புருஷனோடு பேசலாம் என்று யார் சட்டம் போட்டது? அவளேதான். போட்டவளே கிழிக்கலாம். வேலை சட்டென்று முடிந்தால் மிச்ச நேரம் முழுசாக அவருக்கு.

தம்பிக்குப் போன் போட்டாள். "எடுத்துட்டு வாடா. போர்டு, மெமரி, கூலர், எல்லாம்."

புது மெஷின் வந்த முதல் நாள் அக்கா ஒரு தப்பு செய்தாள். புது சைக்கிள் வாங்கியவன் பெல் அடிப்பதுபோல, படத்தைக் காலையிலேயே ஆபீஸுக்கு அனுப்பிவிட்டாள். மேனேஜர் விடுவானா? "அக்கா, சோபா நீலத்துல ஒண்ணு." அனுப்பினாள். "பச்சையில ஒண்ணு." அனுப்பினாள். "மறுபடி பழைய கலரே போட்டுடுங்க." பொழுது சாய்ந்தது. மாமா அன்று முழுக்க ஒரு பாடம்கூடப் படிக்கவில்லை. முந்தின நாள் முழுசாக வந்திருந்த 'கதவு' அன்று பாதியில் நின்றது.

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டபோது அக்கா தயாராக இருந்தாள்.

"படம் சாயங்காலம் வரும்."

"புது மெஷின் போட்டுட்டீங்கல்ல?"

"போட்டுட்டேன்."

"அப்ப மத்தியானமே தரலாமே?"

"தரலாம். தர மாட்டேன்."

"என்னக்கா இது அநியாயம்?"

"மெஷின் நான் வாங்கினது. அதுல மிஞ்சுற நேரமும் என்னோடதுதான். கலர் மாத்தணும்னா எல்லாத்தையும் சேர்த்து ஒரே தடவ சொல்லு. சோபாவ வெச்சு விளையாடாத."

"வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

"கொடு. சோபாவுக்கு இனி அவன் கலர் மாத்தட்டும்."

மேனேஜர் சொன்னபடியே செய்தான். அடுத்து வந்த பெரிய வீட்டு வேலை வேறு ஆளுக்குப் போனது. அக்காவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். சின்ன வீடுகள் மட்டும் வந்தன. அவள் கூப்பிட்டுக் கெஞ்சவில்லை.

இப்போது மத்தியானத்துக்கு முன்பே ரெண்டர் முடிந்துவிடுகிறது. அக்கா மெஷினையே அணைத்துவிடுகிறாள். மேசையில் போன் அதிர்ந்தால் கவிழ்த்துப் போடுகிறாள். நாற்காலியைத் தூக்கிக் கட்டில் பக்கமாகவே போட்டுவிட்டாள்.

"ஜ... ஜன்..." என்கிறார் மாமா. கழுத்து நரம்பு புடைக்கிறது. இன்னும் எவ்வளவு பாக்கி என்று காட்ட, ஸ்கிரீனில் ஓடுவதுபோல அவர் நெற்றியில் கோடு ஒன்றும் ஓடுவதில்லை. அக்கா எடுத்துக் கொடுக்கவில்லை, தலையாட்டவில்லை, 'வருது' என்றும் சொல்லவில்லை. கன்னத்தில் கை வைத்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.