சலீம் பாய் பேசிய தமிழ்

நேற்றுக் காலை கடைக்கு வந்ததும் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. அரக்கு வாசனை இல்லை.

வாசலில் கரி அடுப்பு, முந்தின நாள் சாம்பலோடு அப்படியே... சலீம் பாய் போய்விட்டார். விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபேன்சி ஸ்டோருக்கு வந்திருந்தால் அவரைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் உட்கார்ந்து, அரக்கை அடுப்பில் காட்டி இளக்கி, கல் பதித்து, உங்கள் கைக்கு அளவாக வளையல் செய்து தருவாரே... அவர்தான். சொந்த ஊர் ஜெய்ப்பூர். இருபது வருஷத்துக்கு முன்னால் திருச்சிக்கு வந்தவர்.

மத்தியானம் பாலக்கரையில் அவர் வீட்டுக்குப் போனோம். மகள் நஸ்ரின், ஒன்பதாவது படிக்கிறாள். என்னை மாடிப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள்.

"அக்கா, கடையில எல்லாரும் எங்க அப்பாவக் கேலி பண்ணுவாங்களா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா... எனக்கே தெரியாது. அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி முழுக்க அதுதான் மனசில். எனக்குப் பேச வராது, எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் இங்கே ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன்.

அவள் கேட்டது அவர் பேசும் தமிழைப் பற்றி. எங்கள் முதலாளி வரதன் மாமா பரம்பரையாகக் கோயிலில் சேவை செய்கிற ஐயங்கார் குடும்பம். பாய் தமிழ் கற்றது அவர் பேச்சைக் கேட்டுத்தான். 'நான்' என்ற வார்த்தையே பாய் வாயில் வராது. 'அடியேன்'தான்.

அவள் ஆறாவது படிக்கும்போது பாய் ஸ்கூலுக்குப் போய் டீச்சரிடம் "அடியேன் நஸ்ரினோட தோப்பனார்" என்றாராம். கிளாஸே சிரித்ததாம். அதோடு அவள் கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

நஸ்ரின், நாங்களும் சிரித்தோம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

எதிரே டீக்கடை. பாய் இங்கிருந்தே குரல் கொடுப்பார். "மாஸ்டர், ரெண்டு டீ எழுந்தருளப் பண்ணுங்கோ!" பெருமாளைத் தூக்கி வருவதற்குத்தான் அப்படிச் சொல்வார்கள்.

மாஸ்டர் டீ கிளாஸைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடப்பார். "ஏ வழி விடுங்கப்பா, டீ புறப்பாடு!" பாய் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். தினமும் இதே கூத்து. இரண்டு பேருக்கும் அலுக்கவே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. யார் என்ன கேட்டாலும் விரலால்தான் காட்டுவேன். "வாயத் திறக்காம வியாபாரம் எப்படிம்மா ஆகும்?" என்று மாமா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

அப்போது வையம்பட்டியிலிருந்து ஓர் அம்மா, மாசமாக இருந்த மகளைக் கூட்டிக்கொண்டு வளைகாப்புக்கு வளையல் வாங்க வந்தார். அரக்கு புகைவதைப் பார்த்து அந்த அக்கா கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

பாய் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். "பயப்படாதீங்கோ. கைய நீட்டுங்கோ. அடியேன் மெதுவா சாத்தறேன்."

கோயிலில் தாயாருக்கு வளையல் சாத்துவது என்றால் போட்டுவிடுவது. வையம்பட்டியில் சாத்துவது என்றால்...

"என்னது? சாத்துவியா?" அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். "புள்ளத்தாச்சியச் சாத்துவியா நீ? எங்க, சாத்து பாப்பம்!"

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்த முகமாக, "மொதல்ல இவாளுக்கு. அப்புறம் உங்களுக்கும் சாத்தறேன்" என்றார்.

அந்த அம்மா செருப்பைத் தேடிக் குனிந்தார்.

"ஐயோ அம்மா, அடிக்க மாட்டாருங்க! வளையல் போட்டு விடறேன்னு சொல்றாருங்க!"

கத்தியது நான்தான். கடையில் என் குரலை எல்லாரும் கேட்டது அன்றைக்குத்தான்.

மாமா ஹேர்பேண்ட் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தார். பெட்டி அமுங்கிவிட்டது. விஷயம் புரிந்ததும் பாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து. அந்த அம்மா இரண்டு கையையும் நீட்டினார். "சாத்துங்க பாய், நல்லாச் சாத்துங்க!"

அதற்கப்புறம் வெளியூர் கஸ்டமர் வந்தால் பாய் என்னைத்தான் கூப்பிடுவார். "அம்மாடி, அடியேன் சொல்றதத் தமிழ்ல சொல்லு!"

நஸ்ரின், உனக்குத் தெரியாத இன்னொன்று. புது டிசைன் செய்தால் முதல் ஜோடி உனக்கு வருமே... உனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு தடவை அந்தப் பச்சை வளையல் அத்தனையையும் திரும்ப உருக்கிவிட்டார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம் உன் காலாண்டு மார்க். போனில் அந்த போட்டோவை வைத்துக்கொண்டு, ஹேர்பின் வாங்க வந்தவர்களைக்கூட விடவில்லை. "அடியேன் கொழந்தை. தமிழ்ல தொண்ணூத்தி நாலு. பாருங்கோ." அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தமிழ் முதல் வரியில் இருக்கும் என்று மட்டும் தெரியும்.

டீ மாஸ்டர் கேட்டார். "பாய், பொண்ணுக்குத் தமிழ் நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?"

"இல்ல. அதனாலதான் தொண்ணூத்தி நாலு!"

சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார் பாய். தெருவே திரும்பிப் பார்த்தது.

பாய், போயிட்டு வாங்க.

நஸ்ரினுக்கு ஃபேஸ்புக் கிடையாது. மாமாவிடம் அரை நாள் லீவு கேட்டுவிட்டு, நேரில் சொல்லப் பாலக்கரை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.