முள்ளுப்புழு

எண்பதுகளில் பரளச்சிப் பக்கம் ஏசுவடியானைத் தெரியாத, காடு வைத்திருக்கும் சம்சாரி கிடையாது. முதுகில் பூச்சிமருந்துப் பம்பு, வாயைச் சுற்றி ஒரு துண்டு. இலையைத் திருப்பிப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதுதான் தீர்ப்பு. படித்ததென்னவோ மூன்றாம் வகுப்பு. மிடுக்கு மட்டும் கலெக்டர் மிடுக்கு.

எண்பத்தெட்டு கார்த்திகையில் மாரிக்கனியின் உளுந்தங்காட்டில் அங்கங்கே இலை மஞ்சள் பாய்ந்தது. மாரிக்கனி புருசனை இழந்தவள். ஒரே மகள் அழகுத்தாய் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இலைகளின் மேல் உடம்பெல்லாம் முள்ளாகக் கறுப்புப் புழுக்கள் ஊர்ந்தன.

"இந்த முள்ளுப்புழுதான் தாயி நோயக் கொண்டாருது" என்று சொல்லி ஏசுவடியான் மருந்தடித்தார். செடியைத் தொட்டதும் பறந்த பொடி வெள்ளை ஈயை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. புழுக்கள் செத்தன. பத்தே நாளில் ஈ மறுபடியும் மொய்த்தது. காடு முழுக்க மஞ்சளாகிப் போனது. அழகுத்தாய் படிப்பை விட்டு நூல் மில்லு வேலைக்குப் போனாள்.

மறு வருசம் பந்தல்குடியில் விவசாயிகளுக்குப் பயிற்சி வைத்தார்கள். அதிகாரி அதே புழுவின் படத்தைக் காட்டினார்.

"இது பொறிவண்டோட குஞ்சு. வெள்ளை ஈயைத் தின்னும். செடிக்குச் செடி நோயைக் கொண்டுபோறது அந்த ஈதான். இந்தப் புழுவை யாரும் கொன்னுறாதீங்க."

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஏசுவடியான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து புழுக்கள் அவரை விடவில்லை. சோற்றில் கிடந்த கடுகு ஊர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதப்புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் முள் முளைத்து நகர்ந்தன. இப்படி எத்தனை காடுகளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருப்போம் என்று ராத்திரியெல்லாம் எண்ணிக்கொண்டு கிடந்தார். மாரிக்கனியிடமாவது சொல்லிவிட வேண்டும். பாவி மனிதருக்கு அதற்குத் துணிச்சல் வர இரண்டு வாரம் ஆனது.

போனபோது மாரிக்கனி காட்டில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கண்ணே. இந்த வருசம் உங்களுக்குச் செரமமே வைக்கல. ஒரு வாரமா நானே பொறுக்கிட்டேன்."

மண்ணெண்ணெய் டப்பாவை நீட்டினாள். உள்ளே நிறையக் கறுப்புப் புழுக்கள் மிதந்தன.

"வெள்ளாமை வீடு வந்துட்டா அழகுத்தாயக் கூட்டியாந்து திரும்பப் பள்ளிக்கூடத்துல விட்ருவேன்ணே."

ஏசுவடியான் குனிந்து ஒரு செடியைத் தொட்டார். வெள்ளை ஈக்கள் குபீரென்று கிளம்பின. கொழுந்து இலையில் மஞ்சள் புள்ளி விழுந்திருந்தது. அவர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

மாரிக்கனி டப்பாவுக்குள் பார்த்தாள்.

"அப்ப எம்புள்ள மில்லுக்குப் போனது இதாலதானாண்ணே?" என்று கேட்டாள்.