முன்வாசல் குழாய்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே ஒரு போட்டோ எடுத்துவிடுகிறார்கள். கூடத்தை அல்ல, கூடத்துக்கு முன்னால் நான் கட்டிவைத்திருக்கும் ஆறடிக்கு ஐந்தடி வாசல் அறையை. முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், கால் கழுவச் சொரசொரப்பான கல், கழுவிய தண்ணீர் ஓடி வெளியே வாழைக்குப் போய்ச் சேர ஒரு சரிவு, மூடியைத் தூக்கினால் செருப்பு வைக்க இடமுள்ள பெஞ்சு, சுவரில் வரிசையாகக் கொக்கிகள். உத்திரமேரூரில் புதுவீடு கட்டுகிற ஒருவர் டேப்போடு வந்து அளவெடுத்துக்கொண்டுகூடப் போனார். எனக்குப் பெருமைதான், இல்லையென்றால் பொய். ஆனால் இரண்டு வருடமாக அந்த அறை துடைத்துவைத்தது போலக் கிடக்கிறது. என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மூட்டு வலி வந்து கழனிக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து அந்தக் கல்லில் சேறு விழவில்லை. அவ்வளவு சுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

இதே இடத்தில்தான் எங்கள் பழைய வீடு இருந்தது. காலனியின் கடைசி வீடு, ஒரே அறை, ஒரே கதவு. கதவுக்குப் பக்கத்தில் துணி துவைக்கும் கல், அதை ஒட்டி சிமெண்டுத் தொட்டி, நிலைப்படியில் அடித்த ஒரே ஒரு ஆணி. அந்த ஆணியில் நைனாவின் துண்டும் என் பள்ளிக்கூடப் பையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். அறுவாள் கூரையின் எறவாணத்தில் செருகியிருக்கும். சாயங்காலம் நைனா முட்டிவரை சேற்றோடு வந்து கல்மேல் நிற்பார். சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது என் வேலை. ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே, "கணுக்காலாண்ட ஊத்து, கணுக்காலாண்ட" என்பார். சில நாள் துண்டின் முனையில் முடிச்சு இருக்கும். அவிழ்த்தால் வரப்பில் பிடித்த நண்டுகள் நாலா பக்கமும் ஓடும், நான் அலறுவேன், அவர் சிரிப்பார். ஈரக்கல்லும் சேறும் சேர்ந்த அந்த வாசனைதான் எனக்கு அப்பா வந்துவிட்டார் என்பதற்கு அர்த்தம்.

நான் டீச்சரானேன். கல்யாணமும் ஆனது. என் கணவர் பஸ் கண்டக்டர். ஒற்றைப் பெண் என்பதால் என்னோடு இங்கேயே இருக்க ஒத்துக்கொண்ட நல்ல மனிதர். பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டும்போது, "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். என் இஷ்டம் முழுவதும் வாசலில்தான் போய் நின்றது. போனில் எத்தனை வீடியோ பார்த்தேனோ கணக்கில்லை. யார் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் பூட்ஸ் மாட்டவும் கோட்டு மாட்டவும் வாசலில் தனி அறை வைத்திருந்தார்கள். பூட்ஸ் இருக்கிற இடத்தில் நைனாவின் சேற்றுக்காலை வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாகப் பொருந்தியது.

மேஸ்திரிக்குத்தான் பொருந்தவில்லை. "இன்னா டீச்சர், வூட்டு முன்னாடி கொழா வெச்சா பார்க்க நல்லாவா கீது? ஒரு போர்ட்டிகோ போட்டு வழவழன்னு டைல்ஸ் ஒட்டினா ஷோக்கா இருக்கும்" என்றார். வழவழ டைல்ஸில் ஈரக்காலோடு வழுக்கி விழப்போவது என் அப்பா, உங்கள் அப்பா இல்லை என்றேன். பெஞ்சின் உயரத்துக்கு நைனாவின் முட்டியை அளந்து ஆசாரியிடம் கொடுத்தேன். முதல் கொக்கி மட்டும் கெட்டியான இரும்பில், மண்வெட்டியின் கனம் தாங்குகிற மாதிரி.

கிரகப்பிரவேசத்தன்று நைனா வெள்ளை வேட்டியில் முன்வாசல் வழியாக நுழைந்தார். அன்றோடு சரி.

மறுநாள் சாயங்காலம் நான் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவர் குத்தகைக்கு எடுத்திருந்த கழனி வீட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரோட்டைத் தாண்டி வந்தார். குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே பக்கச் சுவரை ஒட்டி நடந்து தோட்டத்து வாசலுக்குப் போய்விட்டார். பின்னால் சமையலறைக்கு இருக்கிற வாசலை அப்படித்தான் சொல்வோம்.

"இன்னா நைனா, உனக்குன்னு கட்டின கொழா சும்மா கீது, நீ பாட்டுக்கு சுத்திக்கினு போற?"

"காலெல்லாம் சேறும்மா."

"அதுக்குத்தானே கொழா!"

"அது வர்றவங்க போறவங்களுக்கு. உன் வூட்ட நான் அசிங்கம் பண்ணக்கூடாது."

உன் வூடு. எனக்குச் சுரீர் என்றது. தன் இடத்தில், தன் மகளுக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்கிறார். அதன்பிறகு மாதக்கணக்கில் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்து பார்த்தேன். அவர் அசையவில்லை. மண்வெட்டி பின்பக்கச் சுவரில் சாய்ந்தே கிடந்தது. இரும்புக் கொக்கியில் என் கணவர் குடையை மாட்டினார். ஒருநாள் கோபம் தலைக்கேறி, "இந்த வீட்டையே இடிச்சுடலாம்" என்று அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏன்டி அவுர போட்டு இந்தப் பாடு படுத்தற? ஊர்ல அந்தப் பெரிய வூட்டுக்கு எத்தினி வருசம் வேலைக்குப் போனாரு. கூலி வாங்கறதும் தோட்டத்து வாசல்ல, கூழு குடிக்கறதும் தோட்டத்து வாசல்ல. நம்ம பழைய வூட்டுக்கு ஒரு கதவுதான், வேற போக்கு இல்ல, வந்தாரு. நீ ரெண்டு வெச்சிட்ட. அவுரு காலு எந்தப் பக்கம் போவும்?"

குழாயின் உயரத்தை யோசித்தேன், பெஞ்சின் உயரத்தை யோசித்தேன், சரிவுக்கு எத்தனை அங்குலம் என்றுகூட யோசித்தேன். கேஸ் சிலிண்டர் வரட்டும் என்று பின்னால் ஒரு கதவு வைத்தபோது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தக் கதவுதான் என் அப்பாவை எங்கேயோ திருப்பி அனுப்பியிருக்கிறது. அன்றைக்கு அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அடைத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "கதவ அடைப்ப, அவுரு மனச?" என்றாள் அம்மா. அதோடு நானும் வாயை அடைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆனால் டீ டம்ளரோடு தோட்டத்து வாசலில் போய் நின்றுகொள்வேன்.

அந்த வருடம் நடவின்போது ஒரு சனிக்கிழமை, எனக்கு லீவு. மதியம் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. நைனா ஓடிவந்து வழக்கம்போலத் தோட்டத்து வாசலில் நின்று துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் உள்ளே, அவர் வெளியே. அப்போது சுவர் ஓரமாக ஒருவர் பின் ஒருவராக ஆறு பெண்கள் வந்தார்கள். எங்கள் கழனியில் நாற்று நடுகிறவர்கள், எல்லாரும் எங்கள் காலனிதான். புடவையைத் தூக்கிச் செருகி, முட்டிவரை சேறு. முன்னால் வந்த அக்கா என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சர், மழை வுடற வரைக்கும் இப்படி பின்னாண்ட ஒதுங்கிக்கறோம்" என்றது. சின்ன வயதில் என் மூக்கைத் துடைத்துவிட்ட அக்கா அது.

நைனா அவர்களைப் பார்த்தார். சன்ஷேடுக்கு அடியில் ஆறு பேரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். ஏழாவதாக அவர். அவர் முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு இப்படி சுத்திக்கினு வந்தீங்க?" சட்டென்று கத்தினார். "நம்ம வூட்டுக்கு எதுக்குப் பின்னாண்ட வர்ற? முன்னாண்ட கொழா கீது, குந்தறதுக்கு பெஞ்சி கீது. சேத்துக் காலோட வர்றவங்களுக்குன்னே எம்பொண்ணு கட்டி வெச்சிக்கீது. நடங்க முன்னாடி!"

அக்கா சும்மா விடுமா? "அப்ப நீ இன்னாத்துக்கு இங்க நின்னுக்கினு கீற?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நைனா மழையில் இறங்கி முன்பக்கம் நடந்தார். நான் வீட்டுக்குள்ளாகவே ஓடிப்போய் முன்கதவைத் திறந்தேன். அவரே குனிந்து குழாயைத் திறந்துவிட்டு, ஒவ்வொருவராகக் கல்மேல் நிற்கவைத்தார். "கணுக்காலாண்ட தேய், கணுக்காலாண்ட" என்று அதட்டல் வேறு. கல், பெஞ்சு, சுவர் எல்லாம் ஒரே சேறு. பெஞ்சில் நாலு பேர்தான் உட்கார முடிந்தது. கொக்கியில் மாட்ட இடமில்லாமல் இரண்டு பைகள் தரையில் கிடந்தன. அம்மா சுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தாள். மழை விட்டு அவர்கள் போனபின் நைனா அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கொக்கி பத்தலியே. ஆசாரிய வரச்சொல்லு" என்றார். எட்டு மாதத்தில் அந்த அறைக்காக அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம். குற்றம்தான் கண்டுபிடித்தார், அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மழை, கோபம், நாலு பேருக்கு முன்னால் வந்த ரோஷம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் டீ டம்ளரோடு தோட்டத்து வாசலில் போய் நின்றேன். பொழுது சாய்ந்தது. பக்கத்து வீட்டு மாடுகள் திரும்பின. டீயில் ஆடை கட்டியது. இன்னும் காணோமே என்று படியில் இறங்கி எட்டிப் பார்த்தேன். சுவர் ஓரத்தில் யாருமில்லை.

அப்போது வீட்டின் அந்தப் பக்கத்திலிருந்து குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.